பழைய கைமணிக்கூடும் புதிய உறுப்பும்

பயன்படும் பொருள் எதுவாயினும் தேயும். கலப்பையின் கொழு மண்ணிலே தேய்கிறது. அம்மி குழவியால் தேய்கிறது. வண்டிச் சில்லின் இரும்புப் பட்டம் வீதியிலே தேய்கிறது. தேய்ந்ததைக் களைந்து புதியதை இடுவது உலக வழக்கு. கொழுவை மாற்றியதனாற் கலப்பை வேறொரு கலப்பையாகிவிட்டதென்று எந்த உழவனும் கவலைப்படுவதில்லை. ஆனால், தந்தையார் கட்டியிருந்த கைமணிக்கூடு மகனின் கைக்கு வரும்போது, அதன் முகப்புக் கறுத்தும், முட்கள் துருவேறியும், கண்ணாடி மஞ்சளித்தும் இருக்குமானால் அம்மகன் தயங்குகிறான். பழுதான உறுப்புகளை மாற்றினால் மணிக்கூடு ஓடும். மாற்றிய பின்னரும் அது தந்தையாரின் மணிக்கூடுதானா? மாற்றாது விட்டால் அது தந்தையாரின் மணிக்கூடே. ஆனால் மணி காட்டாது. இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1945ஆம் ஆண்டிலே பிரித்தானிய இராணுவத்துக்கெனச் சுவிற்சர்லாந்திலே செய்யப்பட்ட ஒருவகைக் கைமணிக்கூட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவது இப்பேச்சின் எண்ணம்.

முதலிலே, மணிக்கூட்டினுள் நிகழ்வது யாதென்று சுருக்கமாகக் காண்போம். சாவி கொடுக்கும்போது, ஓர் உருளைப் பெட்டிக்குள் இருக்கும் நீண்ட உருக்குப் பட்டி இறுகச் சுற்றிக்கொள்கிறது. மெயின் ஸ்பிரிங் என்று தொழிலாளர் வழங்குவது இதனையே. அது விரிய முயலும் விசை, ஒன்றோடொன்று பல் பொருந்திய சில்லுகளின் வழியாகச் சென்று, கடைசியிலே பலன்ஸ் சில்லு எனப்படும் சிறு வளையத்தை அசைக்கிறது. மயிரிழை போன்ற மற்றொரு சுருள் அவ்வளையத்தை இப்புறமும் அப்புறமும் அளவாக ஆட்டுகிறது. அக்காலத்துக் கைமணிக்கூடுகளிற் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை துடித்தன. செக்கனுக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 15 கோடியே 77 இலட்சம். உழைப்பு இத்தகையதாயின், உறுப்புகள் தேயாதிருக்குமென எதிர்பார்ப்பது எவ்வாறு? உறுப்பு மாற்றம் மணிக்கூட்டின் வாழ்விலே இயல்பாகவே அமைந்த ஒன்றாகும்.

எனினும், இன்று நாம் எண்ணுவதுபோல, பெட்டியிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைப்பது முற்காலத்தில் இயலாத காரியம். 18ஆம் நூற்றாண்டுச் சட்டைப்பை மணிக்கூட்டின் ஒவ்வொரு சில்லும் ஒவ்வோர் அச்சும் அந்த ஒரு மணிக்கூட்டுக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டவை. ஒரே பட்டறையில் ஒரே மாதத்திற் செய்யப்பட்ட இரண்டு மணிக்கூடுகளின் உறுப்புகள்கூட ஒன்றுக்கொன்று பொருந்தமாட்டா. ஓர் அச்சு முறிந்தால், திருத்துவோன் அதனைப் புதிதாகக் கடைந்தே ஆகவேண்டும். ஆகவே அக்காலத்திலே ‘மாற்றுதல்’ என்பதும் ‘செய்தல்’ என்பதும் ஒரே தொழிலாக இருந்தன. திருத்துவோனும் ஒரு மணிக்கூட்டுத் தச்சனே.

இந்நிலையை மாற்றியது அமெரிக்கா. ஆரன் டெனிசன் என்பவரும் எட்வேட் ஹவாட் என்பவரும் 1850ஆம் ஆண்டளவிலே மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினர். துப்பாக்கி செய்யும் ஆயுதசாலைகளில் உறுப்புகள் ஓரளவினவாகப் பொறிகளால் ஆக்கப்படுவதைக் கண்டு, அம்முறையை மணிக்கூட்டுக்கும் கொணர்வது அவர்கள் நோக்கம். 1854இல் அத்தொழிற்சாலை வோல்தம் என்னும் ஊருக்கு மாறி, அவ்வூரின் பெயராலேயே புகழ்பெற்றது. 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே நடைபெற்ற நூற்றாண்டு நிறைவுக் கண்காட்சியில், நுண்ணிய திருகாணிகளைத் தானே கடைந்து தள்ளும் பொறியொன்றை அக்கம்பனியார் காட்சிக்கு வைத்தனர். லொஞ்சின் கம்பனியின் பொறியியலாளரான ஜாக் டேவிட் என்பவர் சுவிற்சர்லாந்திலிருந்து சென்று அத்தொழிலை நேரிற் கண்டு, நாடு திரும்பித் தம் தொழிலினருக்கு எச்சரிக்கையானதோர் அறிக்கை எழுதினார். சுவிஸ் தொழிலும் படிப்படியாக அவ்வழியே சென்றது. ‘மாற்றுறுப்பு’ என்னும் எண்ணம் மணிக்கூட்டுலகில் வேரூன்றியது இவ்வாறே.

சட்டைப்பையில் இருந்த மணிக்கூடு மணிக்கட்டுக்கு ஏறியபோது, அதன் இடர்கள் பெருகின. பையினுள்ளே அது வெயிலும் மழையும் அறியாது. கையிலே எல்லாவற்றையும் அறிந்தது. வியர்வை, தூசி, அடி, அதிர்ச்சி ஆகிய நான்கும் அதன் பகைகள். 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த தென்னாபிரிக்கப் போரிலே சில படை அதிகாரிகள் அதனைக் கட்டினர். 1914இல் மூண்ட முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழிகளில் இருந்த பல்லாயிரவர் கட்டினர். குறித்த நிமிடத்திலே பீரங்கி முழங்கவும், குறித்த நிமிடத்திலே படை முன்னேறவும் வேண்டியிருந்ததால், ஒரு கையாற் பையைத் துழாவ நேரமிருக்கவில்லை. கண்ணாடி உடைந்து முட்கள் நின்றுவிடாதபடி அதன்மேல் உலோகக் கிராதி இடப்பட்டது. கண்ணாடிக்குப் பதிலாக செலுலோயிட்டும் பயன்பட்டது. அது உடையாது, ஆனால் காலம் செல்ல மஞ்சளித்துச் சுருங்கும், அழுகும்போது வெளிவிடும் அமில ஆவியினால் உள்ளேயிருக்கும் உருக்கு முட்களைத் துருப்பிடிக்கவும் செய்யும். ஓர் உறுப்பைக் காக்க வந்தது மற்றோர் உறுப்புக்குப் பகையானது. இருளிலே மணி பார்க்க வேண்டியும் இருந்ததாகையால், முகப்பிலே ஒளிரும் பூச்சுப் பூசப்பட்டது. இப்பூச்சைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லவேண்டும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட மணிக்கூட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் பாதுகாப்புத் துறையினர், படைவீரருக்குரிய கைமணிக்கூடு எவ்வாறு அமையவேண்டுமென ஒரு விதிமுறை வகுத்தனர். முகப்புக் கறுப்பாக இருத்தல் வேண்டும். எண்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். மணிமுள்ளும் நிமிடமுள்ளும் மணிக்குறிகளும் இருளில் ஒளிரவேண்டும். பொறி 15 கல் கொண்டதாக இருத்தல் வேண்டும். கண்ணாடி சிதறாததாகவும், கூடு நீர் புகாததாகவும் இருத்தல் வேண்டும். இவ்விதிக்கமைய பன்னிரண்டு கம்பனிகள் செய்து கொடுத்தன. பியூரன், சைமா, எற்றேனா, கிரானா, ஐ. டபிள்யூ. சி., ஜேகர் லெகூல்ற், லெமானியா, லொஞ்சின், ஒமேகா, றெக்கோட், ரைமோர், வேர்ட்டெக்ஸ் என்பன அவை. பின்புற மூடியிலே அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்பும், டபிள்யூ என்னும் ஆங்கில எழுத்து மூன்று முறையும், தொடரிலக்கங்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அம்மூன்றெழுத்தின் பொருள், ‘மணிக்கூடு, கைக்கட்டுவது, நீர் புகாதது’ என்பது. அவை படையினருக்கு வந்து சேர்ந்த 1945ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவிற் போர் முடிவுற்றது. ஆயினும் அவை அதன் பின்னரும் பல்லாண்டு சேவையில் இருந்தன.

சேவையில் இருந்த காலத்திலே அவற்றைப் பேணியவர்கள், 1942இல் அமைக்கப்பட்ட அரச மின் இயந்திரப் பொறியியற் படைப்பிரிவினர். பீரங்கி, வண்டி, வானொலி, தொலைநோக்கி ஆகியவற்றோடு மணிக்கூடும் அவர்கள் மேசைக்கு வந்தது. அவர்களுக்கு அது ஒரு படைக்கலம், அதற்குமேல் யாதுமில்லை. பழுதான முகப்பைக் கழற்றிக் களஞ்சியத்திலிருந்த வேறொரு முகப்பை வைத்தனர். ஒன்றின் முள்ளை மற்றொன்றுக்கு இட்டனர். ஒரு கூட்டின் மூடியை மற்றொரு கூட்டிற்குத் திருகினர். மணிக்கூடு விரைவிற் படைவீரனிடம் திரும்பவேண்டும் என்பதே அவர்கள் கடமை. இன்று சேகரிப்போர் கையிலிருக்கும் இவ்வகை மணிக்கூடுகளிலே, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையில் எல்லா உறுப்புகளும் உள்ளவை அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒளிரும் பூச்சுக்கு வருவோம். இவ்வரலாற்றின் துயரமான பகுதி இதுவே. 1898ஆம் ஆண்டு மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியேர் கியூரியும் இரேடியம் என்னும் மூலகத்தைக் கண்டுபிடித்தனர். அதனின்று ஓயாது வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் நாக சல்பைட்டுப் பளிங்கின்மேல் மோதும்போது அப்பளிங்கு ஒளிர்கிறது. இரேடியத்தை மிகச் சிறிய அளவிலே நாக சல்பைட்டோடு கலந்து, பசை சேர்த்து, முகப்பின் எண்களிலே தீட்டினர். வெயிலிற் காட்டவேண்டிய தேவையின்றி இரவு முழுவதும் ஒளிரும் எழுத்துகள் கிடைத்தன.

அவ்வெழுத்துகளைத் தீட்டியவர்கள் இளம் பெண்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரேஞ்ச் என்னும் ஊரிலே 1917ஆம் ஆண்டு முதல் இத்தொழில் நடைபெற்றது. மெல்லிய கோடு இழுப்பதற்குத் தூரிகை கூராக இருக்கவேண்டும். ஆகவே தூரிகை முனையை உதடுகளுக்கிடையே வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரேடியம் சிறிது உள்ளே சென்றது. உடம்பு அதனைக் கல்சியம்போல எண்ணி எலும்பிலே சேர்த்துக்கொண்டது. பற்கள் விழுந்தன; தாடை எலும்பு அழுகியது; பலர் இளவயதிலேயே மாண்டனர். கிரேஸ் பிரையர் என்னும் பெண்மணியும் அவருடன் சேர்ந்த நால்வரும் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கமாக முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், ஆண்டுக்கு 600 டொலர் உதவிப்பணமும், மருத்துவச் செலவும் வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. தொழிலாளர் நலச் சட்டங்களின் வளர்ச்சியிலே இவ்வழக்குக்கு நிலையான இடமுண்டு. அதன் பின்னரும் இரேடியப் பூச்சு நிற்கவில்லை. தூரிகையை வாயில் வைக்கும் வழக்கமே முதலில் நின்றது. 1945ஆம் ஆண்டின் இராணுவ மணிக்கூடுகளிலும் இரேடியமே பூசப்பட்டிருந்தது.

இப்பூச்சு பழுதாகும் விதம் வியப்புக்குரியது. அல்பாத் துணிக்கைகள் நாக சல்பைட்டை ஒளிரச் செய்வதோடு, அதன் பளிங்கு அமைப்பைச் சிறிது சிறிதாகச் சிதைத்தும் விடுகின்றன. சில ஆண்டுகளிலே ஒளி மங்கி, பின்னர் முற்றாக நின்றுவிடுகிறது. வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்த பூச்சு பழுப்பாகி, வெடித்து, உதிர்கிறது. ஆனால் இரேடியமோ அப்படியே இருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். 1945இல் பூசிய இரேடியத்தில் 80 ஆண்டுகளின் பின்னும் 100க்கு 97 பங்கு எஞ்சியிருக்கும். ஒளி இறந்தது, நஞ்சு இறக்கவில்லை. இருளிலே ஒளிராத பழைய முகப்பைப் பார்த்து, ‘இதில் இப்போது ஆபத்தில்லை’ என்று முடிவு செய்வோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1960களிலே பிரித்தானியப் பாதுகாப்புத் துறையினர் இரேடியத்தை விலக்கத் தொடங்கினர். அதற்குப் பதிலாக வந்தது திரிற்றியம். ஐதரசனின் ஒருவகையான இது வெளிவிடும் கதிர் வலிமை குறைந்தது. மணிக்கூட்டின் கண்ணாடியையும் கூட்டையும் ஊடுருவ வல்லதன்று. சேவையிலிருந்த மணிக்கூடுகள் பல திரும்பப் பெறப்பட்டு, இரேடிய முகப்பு அகற்றப்பட்டு, திரிற்றியம் பூசிய முகப்பு இடப்பட்டது. அதற்கு அடையாளமாக முகப்பிலே ஒரு வட்டத்துக்குள் ‘ரி’ என்னும் ஆங்கில எழுத்துக் குறிக்கப்பட்டது. விமானப்படைக்கென 1948 முதல் செய்யப்பட்ட ‘மார்க் 11’ என்னும் மணிக்கூடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் திரிற்றியத்தின் அரைவாழ்வுக் காலம் 12 ஆண்டுகளுக்குச் சிறிது மேற்பட்டதே. 1965இல் பூசியதில் 60 ஆண்டுகளுக்குப் பின்னர் 100க்கு 3 பங்கே எஞ்சும். மாற்றாக இட்ட உறுப்பும் இன்று மூப்படைந்துவிட்டது. 1990களிலே ஜப்பானிய நெமோட்டோ கம்பனியார் ஆக்கிய புதிய பூச்சு கதிர்த்தொழிற்பாடு சிறிதும் இல்லாதது. பகலொளியை வாங்கி இரவில் ஒளிர்வது. இன்றைய மணிக்கூடுகளிற் காண்பது பெரும்பாலும் இவ்வகையே.

முகப்பைப் பற்றி இவ்வளவு தூரம் பேசிவிட்டோம். மற்றைய உறுப்புகளின் நிலை யாது? மெயின் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். பழைய மணிக்கூடுகளில் அது கரியுருக்காற் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்ல அது தன் வளைவிலே சோர்ந்து விசை குன்றும். அல்லது ஈரத்தால் துருவேறி ஒருநாள் முறியும். முறியும்போது எழும் அதிர்ச்சியினாற் சில்லின் பற்கள் ஒடிவதும் உண்டு. துருவேறாத கலப்புலோகச் சுருள்கள் 1940களின் பிற்பகுதியிலிருந்து பரவின. பழைய மணிக்கூட்டிலே இன்று புதிய கலப்புலோகச் சுருளை இடுவதற்கு எந்தச் சேகரிப்போரும் மறுப்புச் சொல்வதில்லை. எண்ணெயும் அவ்வாறே. ஒருகாலத்திற் கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயும் மணிக்கூட்டுக்குப் பயன்பட்டது. அத்தகைய எண்ணெய்கள் காலப்போக்கிலே தடித்துப் பசையாகும். இன்று செயற்கை எண்ணெயே இடப்படுகிறது. நீர் புகாது தடுக்கும் வளையங்களும் காய்ந்து வெடித்தால் மாற்றத்தான் வேண்டும்; மாற்றாதுவிட்டால், நம் போன்ற ஈரக் காற்றுள்ள நாடுகளில் உட்பொறி முழுவதுமே துருவுக்கு இரையாகும்.

பலன்ஸ் சில்லின் அச்சு மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் இரு முனைகளும் தலைமயிரின் பருமனே உள்ளவை. மணிக்கல்லின் துளையிலே சுழல்கின்றன. மணிக்கூடு தரையில் வீழ்ந்தால் முதலில் முறிவது இதுவே. 1930களிலே இன்கபுளொக் முதலிய அதிர்ச்சிக் காப்புகள் தோன்றின. கல்லை ஒரு சிறு வில்லினால் தாங்கி, அடி விழும்போது அது சற்று விலகி மீள வகைசெய்தன. ஆனால் 1945ஆம் ஆண்டிலும் எல்லா மணிக்கூடுகளிலும் இக்காப்பு இருக்கவில்லை. முறிந்த அச்சை மாற்றுவோன், அதன் தறைந்த விளிம்பைக் கடைசலியிலே கடைந்து நீக்கி, வளையம் கோணாதபடி அச்சை வெளியேற்றி, புதியதைப் பொருத்தித் தறைந்து, வளையம் எப்பக்கமும் பாரம் கூடாது சமனாக நிற்கின்றதா என்று சோதிக்கிறான். புதிய அச்சுக் கடையிற் கிடையாவிடின், உருக்குக் கம்பியொன்றிலிருந்து தானே கடைகிறான். அந்நேரத்தில் அவன் 18ஆம் நூற்றாண்டின் தச்சனாகவே ஆகிவிடுகிறான்.

கடையிற் கிடையாமை என்பது இன்று பெருகிவரும் துன்பம். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானிய செய்கோ கம்பனியார் உலகின் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலாளரின் தொகை ஏறக்குறைய 90,000இலிருந்து அதன் மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மாற்றுறுப்புகள் எடைக்கு விற்கப்பட்டன, அவற்றைச் செய்த அச்சுக்களும் கருவிகளும் பழைய இரும்பாயின. லெ லொக்கில் என்னும் ஊரிலுள்ள செனித் தொழிற்சாலையிலே, சாவி கொடுக்கும் மணிக்கூட்டு வேலைகளை நிறுத்தும்படி 1975இற் கட்டளை வந்தபோது, சாள் வெர்மோ என்னும் தொழிலாளி மேலிடத்தாரின் கட்டளையை மீறி, ‘எல் பிறிமேரோ’ என்னும் பொறிக்குரிய கருவிகளையும் வரைபடங்களையும் மேல்மாடத்திலே மறைத்துவைத்தார். 1980களில் அப்பொறியை மீண்டும் செய்ய முற்பட்டபோது அவர் மறைத்தவையே கைகொடுத்தன. மாற்றுறுப்பு என்பது கடையில் எக்காலமும் கிடைக்கும் சரக்கு அன்று. அதைச் செய்யத் தெரிந்தவனும் அவன் கருவியும் இருக்கும்வரையே அது உண்டு.

இனி, நம் தலையாய வினாவுக்கு வருவோம். மெயின் ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் அச்சையும் மாற்றும்போது கலங்காத மனம், முகப்பை மாற்றும்போது கலங்குவது ஏன்? முன்னையவை உழைத்துத் தீரும் உறுப்புகள். செய்தவனே அவை மாற்றப்படுமென்று எண்ணித்தான் செய்தான். முகப்பு அத்தகையதன்று. மணிக்கூட்டை நாம் அறிவது அதன் முகப்பினால். கட்டியிருந்தவன் நாள்தோறும் நோக்கியது அதனையே. வெயிலும் ஈரமும் கதிரும் தத்தம் சுவட்டை விட்டுச்சென்றதும் அதிலேதான். அதனை உரித்து மெருகூட்டிப் புதிதாக எழுத்து அச்சிடும் கடைகள் பல நாடுகளில் உண்டு. அவ்வாறு செய்த முகப்புப் பளிச்சென்று இருக்கும்; ஆனால் எழுத்தின் வடிவு சற்றுத் தடித்திருக்கும், கோடுகளின் இடைவெளி மாறியிருக்கும், பழையது ஒருபோதும் மீளாது. கூட்டை மெருகிடுவதும் இத்தகையதே. ஒவ்வொரு மெருகுக்கும் உலோகத்தில் ஒரு படலம் போகிறது, விளிம்புகள் மழுங்குகின்றன, பின்மூடியிலுள்ள அகன்ற அம்பும் இலக்கங்களும் ஒருநாள் வாசிக்க முடியாதவாறு தேய்கின்றன.

இவ்வினா மணிக்கூட்டுக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் ‘புதுக்குகிறோம்’ என்று சொல்லிச் சுரண்டிப் புதுச் சிற்பங்களை வைத்தபோது, ஜோன் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் வழிநின்ற வில்லியம் மொறிஸ் 1877இலே பழைய கட்டிடங்களைப் பாதுகாப்பதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். இடிந்ததை அழகாக்குவதிலும் இருப்பதை இடியாது பேணுவதே மேல் என்பது அவர்கள் கொள்கை. 1964ஆம் ஆண்டு வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர்கள் நினைவுச் சின்னங்களைப் பேணுதற்குரிய விதிகளை வகுத்தனர். ஊகம் தொடங்கும் இடத்திலே புதுக்குதல் நின்றுவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. புதிதாக இட்ட பகுதி முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும். ஆயினும் ஆராய்வோன் அதனைப் புதியதென்று கண்டுகொள்ளவும் வேண்டும் என்பது மற்றொன்று. பழைய வரலாற்றைப் பொய்யாக்கலாகாது என்பதே இவற்றின் உட்கருத்து.

இவ்விதிகளை ஒரு கைமணிக்கூட்டின்மேல் வைத்துப் பார்த்தால் பல ஐயங்கள் தெளிகின்றன. புதிய மெயின் ஸ்பிரிங் எவரையும் ஏமாற்றுவதில்லை. புதிய கண்ணாடியும் ஏமாற்றுவதில்லை. ஆனால், புதிய பூச்சுக்குத் தேநீர்ச் சாயம்போல நிறமேற்றி, எண்பதாண்டுப் பழைமை உள்ளதுபோலக் காட்டி, அதனைத் தொழிற்சாலையிலிருந்து வந்ததென்று சொல்லி விற்பது பொய். பன்னிரண்டு இராணுவ மணிக்கூடுகளையும் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உளர். அவற்றுள் கிரானா மிகவும் அரிது. ஆகவே விலை ஏறுந்தோறும் பொய்யும் ஏறுகிறது. நான்கு மணிக்கூடுகளின் உறுப்புகளைக் கூட்டி ஐந்தாவது ஒன்றை உண்டாக்குவோரும் உளர். ஒரே செயல் இருவர் கையில் இருவகைப்படுகிறது. இராணுவத் தொழிலாளி களஞ்சியத்து முள்ளை எடுத்து இட்டது மணிக்கூட்டின் வரலாறு. இன்றைய வணிகன் அதே முள்ளை இட்டு மறைப்பது மணிக்கூட்டின் வரலாற்றுக்குச் செய்யும் கேடு. வேறுபாடு முள்ளிலே இல்லை. சொல்லுவதிலும் மறைப்பதிலும் இருக்கிறது.

இந்நோக்கிலே, 1960களில் இடப்பட்ட திரிற்றிய முகப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சேகரிப்போர் பலர் அதனைக் குறைவாக மதிக்கின்றனர். இரேடிய முகப்பே ‘உண்மையானது’ என்று கூறி, எங்கிருந்தாவது ஒன்றைத் தேடி வாங்கி, இராணுவத்தார் இட்டதைக் கழற்றிவிடுவோரும் உண்டு. இது பொருந்தாது என்பது எம் கருத்து. அந்த வட்டத்துள் இருக்கும் எழுத்து, தூரிகையை உதட்டில் வைத்து மாண்ட பெண்களின் துயரிலிருந்து உலகம் மெல்ல மெல்லக் கற்ற பாடத்தின் சுவடாகும். ஓர் அரசு தன் வீரரின் மணிக்கட்டிலிருந்து நஞ்சை அகற்ற முடிவு செய்த செய்தியை அது தாங்கி நிற்கிறது. அதனைக் கழற்றி இரேடியத்தை மீண்டும் ஏற்றுவோன், மணிக்கூட்டை 1945ஆம் ஆண்டுக்குக் கொண்டுசெல்வதாக எண்ணுகிறான். உண்மையில், அதன் வாழ்விலிருந்து இருபதாண்டுகளை அழிக்கிறான்.

அவ்வாறாயின் எஞ்சியிருக்கும் இரேடிய முகப்புகளை என்செய்வது? சுரண்டிப் புதுப்பூச்சு இடலாமா? வீட்டு மேசையிலே அதனைச் செய்வது பேராபத்து. மூடிய மணிக்கூட்டினுள் இருக்கும் இரேடியத்தினும், உதிர்ந்து தூசியாகி மூச்சோடு உட்செல்லும் இரேடியமே கொடியது. இரேடியம் சிதைவதால் இரேடன் என்னும் வாயுவும் உண்டாகிறது; பல மணிக்கூடுகளை ஒரு சிறிய மூடிய அறையில் வைத்திருப்பின் அவ்வாயு அங்கே சேரும் என்பதை இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். ஆகவே இத்தகைய மணிக்கூட்டைத் தேவையின்றித் திறவாதிருத்தல், உறங்கும் அறையில் வைக்காதிருத்தல், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல், திறக்க வேண்டின் அதற்குரிய கருவியும் பயிற்சியும் உடையவரிடம் கொடுத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. நாள்தோறும் கட்ட விரும்புவோன், முகப்பையும் முட்களையும் தக்கவரைக்கொண்டு அகற்றுவித்து, வேறு முகப்பை இடுவதே அறிவுடைமை. உயிர்க்கு இடர் என்னும்போது, பழைமையைப் பேணும் விதி சற்று விலகி வழிவிட வேண்டும்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு முறை புலப்படும். உழைத்துத் தீரும் உறுப்பை அஞ்சாது மாற்றுக. மாற்றாதுவிட்டால் அது ஏனைய உறுப்புகளையும் அழிக்கும். காலம் எழுதிய உறுப்பை, இயன்றவரை கழுவாமலும் சுரண்டாமலும் மெருகிடாமலும் விடுக. மாற்றித்தான் ஆகவேண்டுமாயின், மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய விதத்தில் மாற்றுக. கழற்றிய உறுப்பை எறியாது, ஒரு சிறு உறையிலிட்டு, இன்ன ஆண்டிலே இன்ன காரணத்தால் இன்ன உறுப்பு மாற்றப்பட்டது என்று எழுதி மணிக்கூட்டோடு வைக்க. இரேடியம் பூசியதாயின் அதனைத் திறமையுடையோர் சொல்லும் விதத்திலே அடைத்துவைக்க. பழைய மணிக்கூட்டுத் தொழிலாளர் பலர், தாம் திருத்திய நாளையும் தம் அடையாளத்தையும் பின்மூடியின் உட்புறத்திலே ஊசியாற் கீறி வைப்பது வழக்கம். ஒரு மூடியைத் திறந்தால், நான்கு ஐந்து கைகளின் கீறல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணலாம். அவர்கள் எவரும் பழைமை பேணும் விதிகளைப் படித்தவரல்லர். எனினும், தமக்குப்பின் ஒருவன் இம்மூடியைத் திறப்பான், அவன் உண்மையை அறியவேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. மணிக்கூட்டை மாற்றினாலும் மீட்டாலும், நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது அந்த எண்ணமே.